டவுனுக்குப் போகும் முகம்

என் தங்கை வேலாமணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நீலகிரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் குன்னூரில் வாழ்க்கைப்பட்டேன். தெருமுனையிலேயே டாக்டர், தும்மினால் ஓடிவிடலாம். அவள் அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அங்கே டிஸ்பென்சரி என்று ஓர் அறை உண்டு. காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான்.

எழுபத்தாறாம் வருஷம் மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. தேயிலைக் காட்டில் மேடு ஏறாத வேலை ஏது? "மூச்சு வாங்காம பாட்டா வரும்?" என்று கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் சிரித்தார்கள். பாதிப் பெண்களுக்கு அப்படித்தான் என்பதால் அதை யாரும் நோயாகவே நினைக்கவில்லை.

சண்டை போட்டு எங்கள் டாக்டரிடம் வரவழைத்தேன். வந்தாளே ஒரு வரத்து! கல்யாணப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், முகம் முழுக்கப் பவுடர், வாய் சிவக்க வெற்றிலை. டவுனுக்குப் போகிறவர் சீக்காளியாக இருந்தாலும் லைனில் சிங்காரித்துத்தான் அனுப்புவார்கள். டாக்டர் ஏறிட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமும் இதே கூத்து.

"நீ வைத்தியத்துக்கு வர்றியா, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கறியாடி?" என்று கத்தினேன்.

"போக்கா. எஸ்டேட்காரின்னா எளப்பமாப் பாப்பாங்க. இப்படிப் போனாத்தான் தொட்டுப் பாப்பாங்க."

அது பொய்யுமில்லை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்.

மூன்றாம் முறை, வரிசையில் நின்றவளைக் குழாயடிக்கு இழுத்துப் போய் முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். பவுடர் போன முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துப் பதறிவிட்டார். உடம்பில் ரத்தமே இல்லை, உடனே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும் என்றார். "இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஒரு கேள்வி வேறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். அதற்குள் வேலாமணி கை கூப்பிவிட்டாள். "தப்புத்தானுங்க. அடுத்த தடவ முன்னாடியே வந்தர்றனுங்க."

மலை இறங்கிய வாடகைக் கார் பர்லியார் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

காரியத்துக்கு எஸ்டேட்டுக்குப் போனேன். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாதான் வாய் திறந்தாள். அவளுக்கும் வாசற்படி ஏறியதில் மூச்சு இரைத்தது.

"நல்லா நடந்து போனவளக் கொன்னுபோட்டீங்களேக்கா. இனி நாங்க யாரும் அந்த டாக்டர் பக்கம் வரமாட்டமுங்க."