தலைக்குள் ஒரு வாய்க்கால்

முதல்நாள் காலையில் மகன் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தபோதே வைத்தியரிடம் கொண்டுபோயிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா?

போன வருடம், 2000ஆம் ஆண்டு, வவுனியா. அவனுக்கு ஐந்து வயது. விடிந்ததும் தலையிடி, சத்தி. பத்து மணிக்குப் பிறகு விளையாடுவான். ஆசிரியையின் பிள்ளையே பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கிறதா என்று ஏசி அனுப்பினேன். பிறகு மலேரியாவோ என்று இரத்தம் பார்த்தோம். அதுவும் இல்லை. நடக்கும்போது சரிந்து கதிரையில் மோதி விழுந்த அன்றுதான் பயம் பிடித்தது.

கொழும்பில் எடுத்த படத்தில், மூளையில் அபூர்வமான ஒரு கட்டி. தலைக்குள் குழாய் வைக்க வேண்டும், பிறகு கட்டியை எடுக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். குழாய் என்றதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று கையொப்பம் வைக்காமலே திரும்பிவிட்டேன்.

திரும்பிய மூன்றாம் நாள் சத்தி கூடி, அவனை வவுனியா ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்தோம். அங்கிருந்த தாதி ஒருவர், மகளுக்கு இதே கட்டி வந்த ஒரு தாய்க்குச் சொல்லியனுப்பினார். பூவரசங்குளத்திலிருந்து, நெல் அறுக்கும் அருவி வெட்டை விட்டுவிட்டு சைக்கிளில் வந்தார் அந்த அம்மா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"டீச்சர், வாய்க்கால்ல மண்கட்டி விழுந்தா தண்ணி என்னா செய்யும்?"

"மேவிப் பாயும்."

"புள்ள தலையிலயும் அதான். அந்தத் தண்ணிக்கு வேற வழி வெட்டிவிடத்தான் கொழாய். பெறகு கட்டிய எடுப்பாங்க."

"குழாயோட பிள்ளை ஓடி விளையாடுவானோ?"

"எம் மக அதோட சைக்கிள் ஓட்டுறா, என்னோட சண்டையும் புடிக்கிறா. கையெழுத்தப் போடுங்க. எனக்குத்தான் போடத் தெரியாது, பெருவிரல வச்சேன்."

படித்த நான் தலைகுனிந்தேன். மறுநாளே கொழும்புக்குப் புறப்பட்டோம். வெட்டு முடியாத வயலைத் தன் கணவரிடம் விட்டு, ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவும் கூட வந்தார். ஒப்பரேசன் முடியும்வரை என் கையை விடவேயில்லை.

இப்போது மகனுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் கட்டியில் ஒரு சிறு துண்டை எடுக்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் குழாயைத் தடவி, "அம்மா, இதை எப்ப கழட்டுவினம்?" என்று கேட்கிறான். அந்த அம்மா தன் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. எனக்கு அந்தத் துணிவு இன்னும் வரவில்லை. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் உங்களில் இருந்தால் எழுதுங்கள்: ஆறு வயதுக்காரனிடம் அந்தச் சிறு துண்டைப் பற்றி எந்தச் சொல்லால் தொடங்குவது?