சாயப்பட்டறைக்குச் சண்டைக்குப் போனேன்

இந்த இரவு நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் இருமாமல் தூங்குகிறாள்.

பிறந்து எட்டு மாதம்தான். "இந்த வயசுல சுவாசிக்கிற புகை பின்னாடி ஆஸ்துமாவா நின்னுடலாம், பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே பட்டுச் சாயப்பட்டறை. விறகு அடுப்பு. இன்று காலை சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

"அக்கா, உங்க சாயத்தால…" என்று ஆரம்பித்ததுமே பட்டறை அக்கா பதறிவிட்டார்.

"ஐயோ, எந்தப் பொடவைம்மா? கலர் விட்டுட்சா?"

"பொடவை இல்லக்கா. பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. இந்த அடுப்புப் புகைதான்…"

நான் முடிப்பதற்குள் விறகை வெளியே இழுத்து மண்ணைத் தள்ளி அணைத்தார்.

அவர் கணவர் உள்ளிருந்து கத்தினார்: "ஏய், பாதி சாயம்தான் ஏறிகினு இருக்குது!"

"பட்டு திட்டுத்திட்டாப் பூட்டா கருப்புல முக்கிக்கலாம்யா. கொழந்தைய எதுல முக்குவ?"

கேஸ் அடுப்பு வரும்வரை விறகு வைக்கப்போவதில்லையாம். அதுவரை அவர்களுக்கு வேலையும் இல்லை. சண்டைக்குப் போனவள் இப்போது அடுப்பு தேடிக்கொண்டிருக்கிறேன்!

சாய அண்டா தாங்கும் கேஸ் அடுப்பு ஆரணிப் பக்கம் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.