கோதண்டம் சாரின் எட்டடிப் பலகை

கோதண்டம் சார் இறந்த செய்தி, நம் அலுவலகத்துப் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழேகாலுக்கு வந்தது. நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போண்டா தின்றுகொண்டிருந்தேன். அந்தக் குழுவில் யார் இறந்தாலும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். அன்று பத்து நிமிடம் ஒரு கையும் விழவில்லை. பிறகு ஒருவர் கேட்டார்: "உறுதியா? ரெண்டு தடவ அளந்து பாத்தாங்களா?" அதற்கு ஆறு பேர் சிரித்திருந்தார்கள். ஏழாவது ஆள் நான். சிரித்துவிட்டுத்தான் போண்டாத் தட்டைக் கீழே வைத்தேன். அதுவும் போண்டா தீர்ந்துவிட்டதால்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சார் நில அளவையர். அவர் அளந்து வந்ததைப் படமாக வரைவது என் வேலை. பணி ஓய்வு பெறும்வரை யாரிடமும் கை நீட்டாதவர். அந்தக் குறையை நாக்கு ஈடுகட்டியது. தியாகதுருகம் பக்கம் அண்ணன் தம்பி வரப்புச் சண்டை. அளந்து முடித்ததும், தன் பங்கு குறைகிறதே என்று மூத்தவர் அழுதுவிட்டார். சார் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கப்பன் வுட்டுட்டுப் போனது இவ்ளோதான்யா. ஜாஸ்தி வேணும்னா வேற அப்பனா பாத்துப் பொறந்திருக்கணும்." நான் வரைந்த முதல் படத்தில் ஒரு கோடு மயிரிழை விலகியிருந்தது. அன்றிலிருந்து என் பெயர் கோணக்கை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதும், "பொண்ணாவது நேரா இருக்குதா?" என்றுதான் வாங்கினார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு வீட்டு வேன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்து யாரோ சுற்றி அலுத்து விற்ற வண்டி. வாங்கியதற்குக் காரணம் ருக்மணி அண்ணி. சார் கல்வராயன் மலையை வருடக்கணக்கில் அளந்தவர். மனைவியை ஒருநாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. "நீங்க அளந்த மலையில நின்னு என் கையால ஒரு டீ போட்டுக் குடிக்கணும்" என்று அண்ணி கல்யாணமான புதிதில் கேட்டதை, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு நிறைவேற்றப் புறப்பட்டார். அவருடைய அளவில் அது அவசரம்தான்.

வண்டியில் ஒரே குறை அடுப்பு மேடை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் குடித்துக் குடித்து டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. முருகேச ஆசாரியைக் கூப்பிட்டார்கள். "கடப்பா கல்லு போட்டுடலாம் சார், காலத்துக்கும் நிக்கும்" என்றார் அவர். "மலை ஏர்றப்ப கல்ல உன் தலையில வச்சிக்கினு வருவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் சார். ஊரில் அவரோடு சண்டை போடாத கடைசி ஆசாரியும் அன்று தீர்ந்தார். ஆகவே தானே செய்யத் தீர்மானித்தார். இடித்த வீடொன்றிலிருந்து இரண்டு தேக்குப் பரண் பலகைகளை வாங்கி, இழைத்து, பசை தடவி ஒட்டி, அடுப்புக்கும் தொட்டிக்கும் ஓட்டை அறுத்தார். வெள்ளிமலையிலிருந்து தேன்மெழுகு வாங்கிவந்து உருக்கித் தேய்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அழகான பலகை. கையை வைத்தால் எடுக்க மனம் வராது.

என் கைங்கரியம் இதற்கு நடுவில் வருகிறது. வண்டியின் பின்னால் தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலிருந்து ஏறி இறங்கும் பக்கவாட்டுக் கதவுவரை மேடைக்கு இருந்த இடம் சரியாக ஏழடி. அவர் ஏழில் பென்சில் கோடு போடக் குனிந்தபோது நான், "ஏழா சார்? மனையடியில ஏழு தரித்திரமாச்சே" என்றேன். தினசரிக் காலண்டரின் பின்பக்கம் அந்தப் பட்டியல் இருக்கிறது: ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி ராஜயோகம். அறைகளுக்கான கணக்கு, பலகைக்கு யாரும் பார்ப்பதில்லை. எனக்கும் அது தெரியும். ஊரார் நிலத்தை இரக்கமில்லாமல் அளந்த மனிதர் தன் வீட்டுக் குளியலறையை மனையடி பார்த்துக் கட்டியவர் என்பதும் தெரியும். பத்திரிகைகளுக்கு நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரை ஒன்றுக்கு விஷயம் கிடைக்கட்டும் என்று தூண்டில் போட்டேன். மீன் கொக்கியோடு கோலையும் விழுங்கியது. பலகை எட்டடியாகவே நின்றது. அதிகப்படியான அந்த ஓரடி, இரண்டேகால் அடிக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. சார் ஒல்லி. பல்லி மாதிரி ஒருக்களித்து நுழைந்துவிடுவார்.

அண்ணி ஒல்லி இல்லை.

புறப்படும் நாளில் தெருவே வாசலில் நின்றது. அண்ணி புதுப் புடவையில், கையில் புளிசாதத் தூக்கோடு படியில் ஒரு காலை வைத்தார். இடுப்பு பலகையில் இடித்தது. திரும்பிப் பார்த்தார்; வயிறு இடித்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இன்னாங்க, இது தடுக்குது. துளியூண்டு அறுத்துடக்கூடாதா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பலக அளவு சரியாத்தான் இருக்குது. ஆளு அளவுதான் ஜாஸ்தி. அறுக்கணும்னா உன்னத்தான் அறுக்கணும்."

தெரு சிரித்தது. தெருவில் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவன் நான். என் சத்தம்தான் பெரிது. அண்ணி காலை இறக்கினார். முன்பக்கம் நடந்து வந்து, ஜன்னல் வழியாகத் தூக்கை என்னிடம் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க தம்பி." டிரைவர் பக்கத்தில் ஓர் இருக்கை உண்டு. அதற்குத் தனிக் கதவும் உண்டு; அங்கிருந்து பின்பக்கம் போகத்தான் வழி கிடையாது. அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இறங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புளிசாதம் சூடாக இருந்தது.

மலையில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி சார் டீ போட்டார். மூன்று டம்ளரில் ஊற்றிவிட்டு, மூன்றாவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அதைச் சரிவில் கொட்டினார். பலகையின் அந்த நீட்டல் முனையை உள்ளங்கையால் தடவியபடி, "ஓரடிய எடுத்துடலாமாய்யா, கோணக்கை?" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒருமுறைதான். நான் சொன்னேன்: "எடுத்தா ஏழு சார்." கட்டுரை இன்னும் முடியவில்லை அல்லவா, எனக்கு.

"ஆமா, ஏழுதான்" என்று டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில் வண்டிக்குள் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் விழுந்தார். சத்தம் கேட்டு அண்ணி ஓடினார். கதவுவரை ஓட முடிந்தது. உள்ளே போக முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வாழ்நாளில் முதல்முறையாகப் புருஷன் பெயரை. எதிர்வீட்டு ஒல்லி ஆள் ஒருவர் வந்துதான் நுழைந்தார். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும், யார் போயிருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டரின் வார்த்தையை நான் இன்றுவரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உயிரோடு நுழைந்தது போலவே, சார் ஒருக்களித்துத்தான் வெளியேயும் வந்தார். இடுகாட்டில் குழி வெட்டுபவர், "ஆறடி போதுமா?" என்று கேட்டார். ஆறு நன்மை என்று என் மனசு உடனே சொன்னது. இப்படிப்பட்டவனைத்தான் அஞ்சலி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கூப்பிட்டனுப்பினார். போனால் வேன் வாசலில் முருகேச ஆசாரி ரம்பத்தோடு நின்றார்.

"எங்க அறுக்கறதும்மா?"

"பலகைக்குக் கீழ்ப்பக்கம் பாரு. கோடு போட்டு வச்சிருக்காரு."

ஆசாரி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சரியாக ஏழில் ஒரு பென்சில் கோடு. என்னிடமிருந்து வார்த்தை தானாக வந்தது. "எட்டுன்னு சொன்னது நான்தான் அண்ணி."

"தெரியும். காலண்டர் எங்க வூட்லயும்தான் மாட்டியிருக்குது."

"அப்ப, இந்தக் கோடு?"

"மலைக்குப் போய் வந்த அன்னிக்கே போட்டுட்டாரு. ரம்பத்தையும் எடுத்துக்கினு வந்தாரு. அப்புறம் வச்சிட்டாரு."

"ஏன்?"

"அறுத்தா நீ எழுதிடுவியாம். கோதண்டம் அளவுல தப்பு வுட்டுட்டான்னு ஊரே சிரிக்குமாம். 'அந்தக் கோணக்கை வாயில வுழறதவிட நீ வெளியவே நின்னுடலாம்'னாரு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நின்னுட்டேன்."

ஆசாரி அறுத்தார். துண்டு விழுந்த சத்தம் அடங்குமுன் அண்ணி படியேறி, எதிலும் இடிக்காமல், நேராக அடுப்பின் முன் போய் நின்றார். "ஓட்டு தம்பி" என்றார். ஆசாரியையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். அதே வளைவில் நிறுத்தச் சொல்லி டீ போட்டார். ஆசாரிக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். எனக்கு இல்லை. குடித்து முடித்துவிட்டு அந்த ஓரடித் துண்டை என் கையில் கொடுத்தார். "இது உன்னுது. இப்ப எழுது. யாரு சிரிக்கறாங்கன்னு பாப்போம்."

எழுதிவிட்டேன். அந்தத் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. வெயில் ஏறினால் தேன்மெழுகு வாசம் வருகிறது. ரம்பம் அறுத்த ஓரத்தில் அவர் போட்ட பென்சில் கோட்டின் பாதி ஒட்டியிருக்கிறது. மறுபாதி அண்ணியின் அடுப்படியில். அதன்மேல் ஸ்கேலை வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். மயிரிழைகூட விலகவில்லை.