முதலாளியின் மூக்கு

பிள்ளைச்சாவடி போகிற வழியில், படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் கம்ப்ரசர் அறைச் சுவரில், அமோனியா கசிந்தால் அலறுகிற மீட்டர் ஒன்று உண்டு. அதைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. உழவர்கரை லேப்பிலிருந்து ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். இந்த வேலையில் எத்தனையோ மேதாவிகளைப் பார்த்துவிட்டேன். அந்த ஐஸ் கம்பெனி முதலாளிக்கு ஈடாக ஒருவரும் கிடையாது.

கதவைத் திறந்ததுமே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மீட்டரோ பூஜ்யம் காட்டியது. அளவு தெரிந்த அமோனியா வாயுவைச் சிலிண்டரிலிருந்து மீட்டருக்குக் கொடுத்துப் பார்த்தேன், பாதிகூடக் காட்டவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று அறைக் காற்றையும் பம்பால் இழுத்து, அமிலக் கரைசலில் பிடித்துக்கொண்டு போய் லேப்பில் சோதித்தேன். மீட்டர் சொன்னது பச்சைப் பொய்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார்.

"சும்மா சும்மா கத்திக்கினு இருந்துச்சு. உள்ள போய் நின்னு மோந்து பாத்தேன், ஒண்ணும் தெரியல. என் மூக்குக்கு சரியா வர்ற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருகி வச்சேன்."

பல வருஷம் அதே காற்றை முகர்ந்து செத்துப்போன மூக்கு அது. பழகிவிட்டால் மூக்குக்குத் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும் என்று விளக்கினேன். சிரித்தார். அந்த அருமையான மூக்கும் இப்போது வாசல் கேட் பக்கத்தில், கடல்காற்றில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நாள் முழுக்க நிற்பவர் ஆபரேட்டர். அவருக்குக் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீட்டரைச் சரிசெய்தேன். உடனே அலறியது. கசிவை அடைக்காமல் ஸ்டிக்கர் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆபரேட்டர் ஸ்கூட்டர் வரை வந்து, இனிமேலாவது அடைப்பார்களா என்று கேட்டார். அடைப்பார்கள் என்றேன்.

சில வாரம் கழித்து, இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்று முதலாளி மறுபடி கூப்பிட்டார். போனேன். அறையில் அதே எரிச்சல். மீட்டர் மறுபடியும் பூஜ்யத்தில். கம்ப்ரசர் பக்கத்தில் வேறு ஆள் நின்றிருந்தார். பழையவர் எங்கே என்று முதலாளியைக் கேட்டேன்.

"கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு சொல்லிக்கினே இருந்தான். எனக்கு ஒண்ணும் தெரியல. நிறுத்திட்டேன்."

அவருக்குப் பின்னால் புது ஆள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.