எட்டெழுத்துக்கு வெட்டப்பட்ட தோட்டங்கள்

அந்த மஞ்சள் சீட்டு இன்னமும் பழைய சர்வரின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. "புது வால்யூம்ல நீளப்பேர் வசதியை ஏத்திட்டு அப்புறம் காப்பி பண்ணு." எனக்கு நானே எழுதிக்கொண்ட எச்சரிக்கை. எழுதியவனும் மறந்தவனும் நானே என்பதால், இந்த வழக்கில் வேறு யாரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

சர்வேயர் ஐயா கம்பம் ஊரில் தனியாக அலுவலகம் வைத்து, பள்ளத்தாக்கு முழுவதும் அண்ணன் தம்பிகளுக்குத் தோட்டம் பிரித்து அளந்து கொடுத்தவர். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பங்கு பேசி முடியும்வரை படத்துக்குள் யார் பெயரையும் எழுத மாட்டார். "பேரைப் பாத்தாத்தான்லே சண்டை வரும். வெறும் கோட்டப் பாத்து எவன் சண்டை போடுவான்?" என்பார். படத்தில் கோடும் அளவும் மட்டும். எந்த ஊர், யாருடையது, எந்தப் பங்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதெல்லாம் கோப்பின் பெயரில், ரயில் நீளத்துக்கு. பங்கு முடிந்தபின் உள்ளே எழுதுவோம் என்பார், எழுதியதில்லை.

அவர் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். சர்வரின் டிஸ்க் முனக ஆரம்பித்ததும் புதியது மாட்டினேன். அந்தக் காலத்து சர்வர் அது. டிஸ்கில் கோப்புகளுக்கென்று புதிதாக வால்யூம் பிரித்தால், நீளப் பெயர் வசதியை அதற்குத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் எந்தப் பெயரையும் எட்டெழுத்துக்கு வெட்டி, ஒரே மாதிரி வந்தவற்றுக்கு எண் போட்டுவிடும். நான் ஏற்றவில்லை. காப்பி முடிந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒரு படத்தைத் திறந்தேன், திறந்தது. பெருமையோடு பழைய டிஸ்கை அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஐயா திரையின் முன்னால் இருந்தார். கோம்பை ஒன்று, கோம்பை இரண்டு, கோம்பை மூன்று என்று இறங்கிக்கொண்டே போனது வரிசை.

"ஏலே, மிச்சப் பேரெல்லாம் எங்க?"

சர்வரை அணைத்துப் போட்டேன். கேபிளை உருவி ஊதினேன். குச்சனூர் சனீஸ்வரருக்கு எள் விளக்கு நேர்ந்துகொண்டேன். அன்றைக்கு அவரும் நெட்வொர்க்கில் இல்லை. அழித்த டிஸ்கை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றும் தேறாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். தினமும் ஒவ்வொரு படமாகத் திறந்து கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாய்க்கா வளைவு தெரியுது. இவுகதான் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னாக" என்று சிலவற்றுக்குப் பெயரைத் திரும்ப எழுதினார். ஒரு நாள் மவுசிலிருந்து கையை எடுத்தார். "எல்லாத் தோட்டமும் ஒண்ணுபோலத்தான்லே இருக்கு." அதோடு அளக்கப் போவதையும் விட்டார். மறுவருடம் காலமானார்.

சர்வர் இப்போது என் கடையில். போன வாரம் கோம்பையிலிருந்து ஒருவர் வந்தார். தம்பி வேலியை நகர்த்திவிட்டானாம். "எங்கப்பா இருந்தப்ப அளந்த படம் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாக."

இருக்கிறது. படத்தை நான் தொலைக்கவே இல்லையே. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். சாயங்காலம்வரை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மஞ்சள் சீட்டின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. விரலால் அழுத்தி ஒட்டினேன்.