பேசவும்

வாசல் கதவின் இடுக்கில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிக்கொண்டிருக்கிறார் தலைவர். சீட்டில் 'பேசவும்' என்று ஒரே ஒரு சொல். கீழே சுருக்கொப்பம், தேதி. பேப்பர் போடுகிறவருக்காக அது. சைக்கிளை விட்டு இறங்காமலே சுருட்டி எறிந்துவிட்டுப் பறக்கிற மனிதர், சீட்டைக் கண்டு பதறிப்போய் இறங்குகிறார்.

"என்ன சார், பில்லுல ஏதாவது தப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. இன்னிக்கு என்ன சேதி?"

"அதத்தானே சார் போட்டுட்டுப் போறேன்!"

பேப்பர்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சைக்கிளை மிதிக்கிறார். தெரு முனை திரும்பும் வரைக்கும் தலைவர் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'தலைவர்'தான். இரண்டு முறை சட்டசபைக்குப் போனவர். மூன்றாம் முறை தொகுதி கைவிட்டுவிட்டது. தோற்றவரைச் சும்மா உட்கார வைத்தால் வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, குடிநீர் வாரியத்துக்குத் தலைவராக்கினார்கள். அதுவரை அவருக்கு வாய்தான் மூலதனம். விடிந்தால் வீட்டு முன்னால் கூட்டம் நிற்கும். பல் துலக்கிக்கொண்டே நாலு பேர் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். வாரியத்திலோ மனிதர்கள் பேசுவதில்லை, கோப்புகள்தான் பேசும்.

பதவியேற்ற முதல் வாரமே ஒரு கோப்பு வந்தது. படித்தார், 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்த்தவன் பார்த்தேன் என்று எழுதாமல் வேறென்ன எழுதுவானாம்? தலைவரே பார்த்துவிட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியானால் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்ட பொறியாளர் மறுநாளே ஒரு தெருவை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார். அது தலைவரின் மாமனார் தெரு. மாமனார் பலகை போட்டு, அதன்மேல் தவழாத குறையாக வெளியே வந்தாராம். வீட்டுக்காரம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றோடு 'பார்த்தேன்' ஒழிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோப்பு வந்தாலும் 'பேசவும்'தான். அந்தச் சொல் விழுந்துவிட்டால் கோப்பை அனுப்பியவர் நேரில் வந்து விளக்கியே ஆகவேண்டும். அலுவலக முறை அப்படி. வந்தவரைத் தலைவர் சும்மா விடமாட்டார். பிள்ளைக்குப் பரீட்சை எப்படி, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் குழாய்க்கே வருவார். "தண்ணி வருதோ இல்லையோ, சேர்மன் ரூமுல டீ வந்துடும்" என்று அதிகாரிகள் கிண்டலடித்தார்கள். ஆனாலும் வேலை நடந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது.

இப்போது அந்த வீட்டை ஈ காக்காகூட எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாத்திரை போட்டுக்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் அவருக்கு மனசு வராது.

போன வருஷம் அரசு ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தலைவரின் காகிதங்கள் காப்பகத்துக்கு வேண்டுமாம். மேடைக் குறிப்புகள், மனுக்கள், குழாய் வரைபடங்கள், மூக்குக்குப் பதில் குழாயை மாட்டி அவரைக் கேலி செய்த கார்ட்டூன்கள் எல்லாமே வேண்டுமாம். ஒரே வண்டியில் ஏற்றிவிடக்கூடிய சரக்குதான். தலைவர் விடுவாரா? வியாழனுக்கு ஒரு கட்டு என்று கறாராகச் சொல்லிவிட்டார். கட்டைப் பிரித்தால் தாளுக்குத் தாள் 'பேசவும்' சீட்டு. பாவம், அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தலைவர் புதன்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிடுவார். எவ்வளவுதான் இழுத்தாலும் காகிதம் தீராமல் இருக்குமா? ஒரு வியாழன் அன்று அந்த அம்மா ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விழித்தார்.

"ஐயா, இது போன வாரத்து மருந்துக்கடை பில்லு."

"ஆமாம்மா. அதப் பத்தியும் பேசணும்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மேலிடத்துல சத்தம் போடுறாங்கய்யா. அடுத்த வாரம் வண்டி வருது, மொத்தமா ஏத்திடுவோம். எனக்கும் வேற வேலை போட்டுட்டாங்க. நீங்க பாக்கணும்னா எப்ப வேணா காப்பகத்துக்கு வாங்க."

வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டு போயேவிட்டது. அலமாரி இருந்த அறையில் குரல் எதிரொலித்தது. அந்த வியாழக்கிழமை மாலை முழுக்கத் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தேர்தலில் தோற்ற அன்றுகூட வீட்டில் இவ்வளவு அமைதி இல்லை. துக்கம் விசாரிக்கவாவது நாலு பேர் வந்தார்கள்.

மறு வாரம் அவரே கிளம்பிக் காப்பகத்துக்குப் போய்விட்டார். முகப்பில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஆராய்ச்சித் தலைப்பு என்னங்க?"

"நான்தான்."

"பேரு அப்புறம் சொல்லுங்க. தலைப்பு?"

"அதான் சொல்றேனேப்பா, தலைப்பே நான்தான்!"

குமாஸ்தா பெருமூச்சு விட்டு, அவர் கேட்ட கட்டின் மேலுறையைப் பார்த்து, 'குடிநீர்' என்று எழுதிக்கொண்டார்.

படிப்பறையில் நீள மேசை. ஆளுக்கொரு மூலையில் குனிந்த தலைகள். சுவரில் பெரிய பலகை: 'இங்கே பேசக்கூடாது.' தலைவர் தன் கட்டையே இரவல் வாங்கிப் பிரித்தார். பழைய கூட்டத்துப் படம் ஒன்றில் சோடா உடைக்கிறவனைக் கண்டதும், "அட, இவனா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நாலு பக்கமிருந்தும் 'உஷ்' வந்தது. திருடனைப் போலக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காப்பக அம்மா கை நிறையக் கட்டுகளோடு உள்ளே வந்தார். தலைவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். 'எப்படி இருக்கீங்க?' என்று உதடு மட்டும் அசைந்தது. தலைவர் வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து, பக்கத்து நாற்காலியைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் தூக்கித் தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தார்.