முயலின் கழுத்தில் ஒரு பெயர்

ஒருவருக்குக் கைகொடுப்பது எங்கே முடிகிறது, அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது எங்கே தொடங்குகிறது? நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் போட்டவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கவே கூடாது. இன்னாருடையது இதுவரை, அதற்கப்பால் இன்னொருவருடையது என்று கோடு கிழிப்பதுதான் அவர் பிழைப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல் செருகியிருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல்காரர் என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்கேல் பையை விட்டு இறங்கவில்லை.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். அவர் மனைவி இறந்து பல வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாக இருந்த தங்கை கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். அவள் குரோஷா ஊசியால் முயல் பின்னுவாள். உள்ளங்கை உயரம், உள்ளே பஞ்சு, கண்ணுக்குக் கறுப்பு மணி. அவள் செய்த முயல் எல்லாமே இடப்பக்கம் துளி சாய்ந்து நிற்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரலால் நூலைச் சுண்டி இழுப்பாள், அதனால் வந்த சாய்வு. பக்கத்து அறையில் யாரோ பேசுவதை முயல் காதுகொடுத்துக் கேட்பது போல இருக்கும்.

கடைத்தெருவில் கைவினைப் பொருள் விற்கும் அம்மாள் முயல்களை வாங்கி வைக்கச் சம்மதித்தாள். ஆனால் ஒன்று சொன்னாள். "கழுத்துல ஒரு அட்டை தொங்கவிடுங்க. அதுல செஞ்சவங்க பேரைப் போடுங்க. யார் கைன்னு தெரிஞ்சா வாங்குறவங்களுக்கு ஒரு பிடிப்பு வரும்."

அந்த அட்டை ஸ்கேல்காரரின் பங்காயிற்று. பின்னறையில் பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. கெட்டியான அட்டைத் தாள் ஒன்றில் பத்துப் பெயரட்டை அடங்கும். முன்பக்கம் தங்கையின் பெயர், பின்பக்கம் துவைக்கும் முறை. முதல் தாளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டபோது பின்பக்கம் தலைகீழாக வந்தது. அதற்கப்புறம் தாளின் மூலையில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டார். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடை மூன்று தடவை லேசாக ஓட்டுவார். ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் பிசிறும். கயிறு கோக்கத் துளை போட்டபோது முதல் பத்திலும் துளை பெயரின் மேலேயே விழுந்தது.

"அண்ணா, என் பேர்லயே ஓட்டை போட்டுட்டியே!"

"அரை சென்டிமீட்டர் தப்பிடுச்சும்மா."

"ஊரான் நிலத்தையும் இப்படித்தான் அளந்தியா?"

ஓட்டை விழுந்த அட்டைகளையே அவள் சிரித்துக்கொண்டே முயல் கழுத்தில் கட்டினாள். அடுத்த தாளில் பின்பக்கம் ஒரு வரி சேர்க்க அவர் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். கடைசியில் எழுதியதைப் படித்துக் காட்டினார்: கையால் செய்தது, ஒன்றுபோல் இன்னொன்று இராது.

"முயலுக்கு வக்கீல் வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் தங்கை. ஆனால் அந்த வரி இருக்கட்டும் என்றாள்.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதினார். குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார். பின்னல் தளர்ந்து கண்ணி கண்ணியாக விட்டுப்போயிற்று. இடுக்குகளில் பஞ்சு எட்டிப் பார்த்தது.

ஒருநாள் கடைக்கார அம்மாள் ஏழு முயல்களைப் பையில் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒன்றுபோல் இன்னொன்று இராதுன்னு எழுதியிருக்கீங்க, சரிதான் ஐயா. ஆனா ஒரு குழந்தை கையில கண்ணு கழண்டு வந்திருக்கு. வாய்ல போட்டிருந்தா? நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு விக்கிறது?"

அவர் வீடு திரும்பும்போது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "போன தடவை வெச்சதெல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு," என்றார். ஒரே ஒரு சொல்தான். அடுத்த வாரம் அவள் இன்னும் ஐந்து முயல்களை நீட்டியபோது அந்தச் சொல்லின் நீளம் அவருக்குப் புரிந்தது.

மாத்திரை போட்டதும் மதியம் இரண்டு மணி நேரம் அவள் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவாள். அந்த நேரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, திரும்பி வந்த முயல் ஒன்றைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து எண்ணினார். சுற்றுக்குச் சுற்று ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு கண்ணி என்று கட்டம் போட்ட தாளில் முயலை வரைபடமாக்கினார். அவர் பின்னிய முதல் முயல் வெந்த உருளைக்கிழங்கு போல இருந்தது. மூன்றாம் மாதம் அது முயலாயிற்று. அளவெடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. தங்கையின் முயல்களில் இருந்த சாய்வு அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் பிழையென்று திருத்தியிருப்பார்.

தங்கை பின்னியவற்றுக்கு அவள் எதிரிலேயே பெயரட்டை கட்டிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார். கடையில் வைப்பது தன்னுடையதை. அதன் கழுத்திலும் அவள் பெயர்தான். அவளுடையவை அப்படியே திரும்பி வந்து, பின்னறைப் பரணில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போகும்.

"உங்க தங்கச்சி கைக்குப் பழைய வயசு திரும்பிடுச்சு போல," என்று கடைக்கார அம்மாள் ஒருமுறை சொன்னாள். அதை அவர் வீட்டில் வந்து சொன்னார். தங்கை அன்று முழுக்கத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அவர் மருந்துக்கடையில் நிற்க, தங்கை நான்கு கடை தள்ளியிருந்த கைவினைக் கடைக்குத் தனியாக நடந்துபோனாள். தன் முயல்களை அலமாரியில் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு முயலைக் கையில் வைத்து அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். வீடு வந்ததும் கேட்டாள்.

"என் முயல் எதுவும் அப்படி நேரா நிக்காது அண்ணா. என்னோடதெல்லாம் எங்க?"

அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். முப்பத்தோரு முயல்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் பெயர்.

"குழந்தை கையில கண்ணு கழண்டுடுச்சாம். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு..."

"உடைஞ்சுதான் போயிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் மணியை விட்டுட்டு நூல்லயே கண்ணு தைச்சிருப்பேன். அதைக்கூடச் செய்ய விடலையே நீ."

அவர் முயல்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"நீ நல்லா பின்றே," என்றாள் அவள். "நிஜமாத்தான் சொல்றேன். என் பேரை எடுத்துடு. உன் பேரைப் போட்டுக்கோ. பொய் எதுக்கு?"

அவர் சரி என்று தலையாட்டினார். அவள் அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. அவரிடம் கோபமாகவும் இல்லை. மாத்திரை நேரத்தைக் கேட்டாள், செய்தித்தாளைப் படிக்கச் சொன்னாள், சட்டையில் பித்தான் போனால் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தைத்து வாங்கச் சொன்னாள். அந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் படுத்திருந்து போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு மாதம் அவர் கடைப்பக்கம் போகவில்லை. கடைக்கார அம்மாளே வீடு தேடி வந்து துக்கம் விசாரித்தாள். அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அவங்களே சொல்லிட்டாங்கல்ல ஐயா. இனிமே உங்க பேரையே போடுங்க. யாரு என்ன சொல்லப் போறா?"

"போடறேன்."

மறுவாரம் பிரிண்டரைத் துடைத்து, தாளின் மூலையில் பென்சிலால் குறி போட்டு, தன் பெயரை அதே எழுத்தில், அதே இடத்தில் அச்சிட்டார். நான்கு தாள். துளை இம்முறை எங்கும் தப்பவில்லை. பரண் பெட்டியில் இருந்த முயல்களின் மணிக்கண்களைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பு நூலில் கண் தைத்தார். அதற்கே இருபது நாளானது.

பிறகு இரண்டு பைகளோடு கடைக்குப் போனார். ஒன்றில் அவர் பின்னிய நேரான முயல்கள் பன்னிரண்டு. அவற்றின் கழுத்தில் தங்கையின் பெயர். இன்னொன்றில், தளர்ந்த பின்னலும் பிதுங்கிய பஞ்சுமாக, சாய்ந்து நின்ற முப்பத்தொன்று. அவற்றில் அவர் பெயர்.

கடைக்கார அம்மாள் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். "மாத்திக் கட்டிட்டீங்க ஐயா."

"இல்லம்மா. சரியாத்தான் கட்டியிருக்கேன்."

ஏன் என்று அவள் கேட்டாள். "குறை சொல்றவங்க என்னைச் சொல்லட்டும்," என்று மட்டும் சொல்லி அவர் முயல்களை அலமாரியில் அடுக்கினார். அப்போது கடையில் இருந்த ஒரு பெண் சாய்ந்த முயல் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது நீங்க பின்னினதா தாத்தா? கை நடுங்குமோ?"

"ஆமாம்மா," என்றார் ஸ்கேல்காரர்.